முப்பது நாள்!

"ஆசிரியை வேலைக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள். காலை ஒன்பதுக்குச் சென்றால் மாலை நாலரைக்குத் திரும்பிவிடலாம். வெயிலில் நிற்க வேண்டியதில்லை. கோடை வந்தால் விடுமுறை. மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். இத்தனை நலமும் நிறைந்த நாற்காலியை விட்டு எழுந்து, மூன்றாண்டு மீண்டும் மாணவியாகி, கறுப்பு அங்கிக்குத் தவங்கிடக்கப் போகிறோமாம். பித்துப் பிடித்துவிட்டதோ என்று ஐயுறுகின்றனர். ஊரார் கேள்வி இது. உற்றார் கேள்வியும் இதுவே. பள்ளியின் ஓய்வறையில் தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியபடி உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்கள் கேட்பதும் இதுவே!

சட்டம் படிக்கப் போகிறோம் என்பதோடு நின்றிருந்தால் ஒரு கேள்வியோடு விட்டிருப்பார்கள். மதுரை அரசு சட்டக் கல்லூரியில் படிக்கப் போகிறோம் என்றோம். அதனால் கேள்வி இரண்டாயிற்று. சட்டம் ஏன்? அதிலும் அந்தக் கல்லூரி ஏன்? இரண்டுக்கும் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம், தோழர்களே! ஆனால் விடைக்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் பிறருடையதன்று. நம்முடையது.

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் வரலாறு கற்பிக்கிறோம். எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தந்தை இல்லை. தாய் நாற்று நடவும் களையெடுக்கவும் போகிற கூலிப்பெண். ஒரு நாள் மாலை, பள்ளி விட்டதும், அந்தத் தாய் வாயிற்படியருகே நின்றாள். முந்தானையில் முடிந்திருந்த தாளை எடுத்து நீட்டினாள்.

"டீச்சரம்மா, இங்கிலீசுல வந்திருக்கு. என்னான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தோம். மறைந்த கணவன் எழுதிக் கொடுத்ததாக ஒரு புரோநோட்டு. அதன் பேரில் அசலும் வட்டியும் கேட்டு வழக்கறிஞர் ஒருவர் அனுப்பிய அறிவிப்பு. பட்டம் பெற்ற பெருமை நமக்கு! ஆங்கிலம் தெரியும் என்ற இறுமாப்பு நமக்கு! படித்து முடித்துவிட்டு, "இது கோர்ட்டுலருந்து வந்த கடுதாசி இல்லைங்க, வக்கீல் கடுதாசிதான், பயப்படாதீங்க" என்றோம். நாம் சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. உண்மையில் பாதிதான் இருந்தது. அடுத்து என்ன வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற மறுபாதியை நாம் சொல்லவில்லை. தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு!

அடுத்து வந்தது நீதிமன்றத்தின் அழைப்பாணை. அது தமிழில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாய்க்கோ எழுத்தறிவில்லை. முன்னைய தாளைப் போன்றதே இதுவும் என்று எண்ணினாள். பயப்பட வேண்டாம் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறாரே! தகரப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்தாள். குறித்த நாளில் வாதி வந்தார், பிரதிவாதி வரவில்லை. ஒருதலைத் தீர்ப்பு ஆயிற்று. நிறைவேற்று மனுவின் அறிவிப்போடு அவள் மீண்டும் நம் முன் நின்றபோது, பணம் கொடுத்தவரின் ஆட்கள் வீட்டைச் சுற்றிவந்து அளவெடுத்துப் போயிருந்தனர். வீடு ஏலத்துக்குப் போகும், மானம் போகும் என்று ஊரிலே நாலு பேர் சொன்னார்கள். நாமும் வாயடைத்து நின்றோம். அச்சம் விலை பேசியது. வந்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் மகளும் திருப்பூருக்குப் பேருந்து ஏறினர். மறுவாரம் வருகைப் பதிவேட்டில் சிறுமியின் பெயர்மீது சிவப்பு மையால் கோடிட்டோம். கோடிட்ட கை நம் கை.

அதன் பிறகுதான் நூலகத்துக்குப் போனோம். வெட்கத்தோடு போனோம் என்பதையும் எழுதிவிடுகிறோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டினோம். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரி மனுச் செய்யச் சட்டம் தந்திருக்கும் காலம் முப்பது நாள். அழைப்பாணை முறையாகச் சேர்ப்பிக்கப்படாதபோது, தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து முப்பது நாள். அது கடந்தாலும் தகுந்த காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுத்தருளக் கேட்க வழி உண்டு. இது முதல் இடி.

அடுத்த இடி இன்னும் கொடிது. இறந்தவன் கடனுக்கு வாரிசு பொறுப்பாவது, இறந்தவன் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே. அந்த ஓட்டு வீடோ கணவன் வைத்த சொத்தன்று. அவளுடைய தாய் அவளுக்கு எழுதிக் கொடுத்தது! அது போகட்டும். உழவரும் கூலித் தொழிலாளரும் தமக்குச் சொந்தமாக வைத்துக் குடியிருக்கும் வீட்டைக் கடன் தீர்ப்புக்காகப் பற்றுகை செய்யலாகாது என்று அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு! இரண்டையும் சட்டமே மாட்டி வைத்திருந்தது. சாவி இருக்கும் இடம் தெரியாமல் கதவையே கழற்றிக் கொடுத்துவிட்டாள் ஒரு பேதைப்பெண். அவள் அருகே பட்டதாரி ஆசிரியை ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவதைச் சொல்லவே நாக் கூசுகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், அதன் 12ஆம் பிரிவு. வழக்காட வசதியற்றோர்க்கு அரசு செலவில் வழக்கறிஞர் வைத்துத் தரும் அச்சட்டத்தில், பெண்ணாயிருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. வட்ட அளவிலேயே அதற்கான குழு இருக்கிறது. மேலூருக்குப் பேருந்தில் போய்வரும் தூரம்! நாம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல் நம்மிடம் இல்லை. அக்பரின் நிலவரி முறை இருந்தது. ரயத்துவாரி முறையும் நிரந்தர நிலவரித் திட்டமும் தலைகீழாய்த் தெரிந்திருந்தன. ரயத்தின் வீடு பறிபோகும்போது என்ன செய்வதென்று மட்டும் தெரிந்திருக்கவில்லை.

இதுதான் முதல் கேள்விக்கு விடை. சட்டம் ஏன் என்று இனியும் கேட்போர் கேட்கட்டும்.

சீர்திருத்தம் பேசுவோரிடத்திலும் நமக்கு ஒரு வார்த்தை உண்டு. மேடையிலே முழங்குகிறோம், மாலை மாற்றுகிறோம், மந்திரமில்லா மணம் கண்டு மகிழ்கிறோம். நன்று. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு சுயமரியாதைத் திருமணம் வந்து நின்றபோது நடந்தது என்ன? சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை, ஆகவே செல்லாது என்றது தீர்ப்பு. ஊரறிய நடந்த மணம். ஆயினும் அந்த மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள்! மேடையின் கைதட்டல் நீதிமன்றத்தின் வாயிற்படியைத் தாண்டவில்லை. அதைத் தாண்டுவதற்கு, 1967ஆம் ஆண்டில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்றொரு பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன் நடந்த மணங்களும் செல்லும் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதியதோடு முடிந்ததா? அத்தகைய மணம் வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்தால் செல்லாதென்று 2014இல் மீண்டும் ஒரு தீர்ப்பு வந்தது. 2023 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. ஒரு பிரிவைப் பெற்றால் போதாது, அதனை நாள்தோறும் காவல் காக்க ஆள் வேண்டும். அந்தக் காவலுக்கு நாம் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம்?

"பெண்ணுக்கு எதற்கம்மா கோர்ட்டு வாசல்?" என்று ஒரு பெரியவர் பரிவோடு கேட்டார். பரிவு புதிது, கேள்வி பழைது. 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற பட்டதாரிப் பெண் வழக்குரைஞராகப் பதிவுசெய்யக் கேட்டபோது, சட்டத்தில் 'ஆள்' என்று எழுதியிருப்பது பெண்ணைக் குறிக்காது என்று உயர்நீதிமன்றம் விடை தந்தது. என்னே இலக்கண அறிவு! 1921இல் பாட்னாவில் சுதாம்சுபாலா ஹஸ்ராவுக்கும் கதவு திறக்கவில்லை. 1923இல் தனியே ஒரு சட்டம் இயற்றித்தான், பெண் என்ற காரணத்தால் எவரையும் விலக்கலாகாது என்று ஆக்க வேண்டியதாயிற்று. நூறாண்டு கழிந்த பின்னும் அந்தப் பெரியவர் வாயில் 1916 வாழ்கிறது. அவரை நாம் வெறுக்கவில்லை. அவர் பேத்திக்கும் நாமே வரலாறு கற்பிக்கிறோம்.

இனி இரண்டாம் கேள்வி. அந்தக் கல்லூரி ஏன்?

நம் தாய்மாமன் உலகறிந்தவர். சொல்லும் வழியோ சுருக்க வழி. "ஏம்மா, எதுக்கு வேலைய விடுறே? பக்கத்து மாநிலத்துல ஒரு காலேசு இருக்கு. பணத்தக் கட்டிட்டா போதும், போகவே வேணாம். பரீட்சைக்கு மட்டும் போய்ட்டு வா. பட்டம் தானா வரும்." அவர் சொல்லும் கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம், அப்படியொன்று அன்று, பல உண்டென்பது நாடறிந்த செய்தி. தாளில் மட்டும் வாழும் கல்லூரிகள்! வகுப்பு உண்டு, மாணவர் இல்லை. வருகைப் பதிவு உண்டு, வந்தவர் இல்லை. இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் விதி எழுபது விழுக்காடு வருகை வேண்டுமென்கிறது. அங்கே நூறு விழுக்காடும் பேனா முனையிலே பிறக்கிறது.

வீட்டிலே கேலியும் செய்தார்கள். மாமன் காட்டிய வழியில் சென்றால் சம்பளமும் நிற்காது, பட்டமும் வரும், இரண்டு கையிலும் லட்டு என்றார்கள். நாம் கேட்பது ஒன்றே. நாள்தோறும் எட்டரை மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்து, வந்தவருக்கு வந்தார் என்றும் வராதவருக்கு வரவில்லை என்றும் குறிப்பது நம் தொழில். வராத பிள்ளைக்கு வருகை போட்டால் நம்மைப் பள்ளி மன்னிக்குமா? அந்தக் கையால் நாமே பொய்வருகை வாங்கலாமா? அறநெறியை ஒருபுறம் வையுங்கள், பயனையே பாருங்கள். அரைகுறை அறிவால் ஒரு குடும்பத்தைத் திருப்பூருக்கு அனுப்பியவர்கள் நாம். முன்பு அரைகுறையை ஓய்வு நேரத்தில் இலவசமாகத் தந்தோம். படிக்காமல் பட்டம் பெற்றால் அதனையே கட்டணம் வாங்கிக்கொண்டு தருவோம். அவ்வளவே வேறுபாடு!

மற்றொரு சாரார் இருக்கின்றனர். கற்றவர், நகரத்தவர், நம்மீது உண்மையிலேயே அன்புடையவர். "படிப்பதாயிருந்தால் பெங்களூரில் படி, அரசு சட்டக் கல்லூரியில் படித்து என்ன ஆகப்போகிறாய்?" என்கின்றனர். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியைப் பழிக்க நாம் வரவில்லை. 1988 முதல் வகுப்பு நடத்திவரும் அந்நிறுவனம் சிறந்த நூலகமும் சிறந்த ஆசிரியரும் உடையது. பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுப் படிப்பும் 2022 முதல் அங்கே உண்டு. ஆனால் வாயிற்படியைப் பாருங்கள். நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். கட்டணம் இலட்சங்களில். திருச்சியில், நம் வரிப்பணத்தில், நம் சட்டமன்றம் 2012இல் இயற்றிய சட்டத்தால் எழுந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை அதனுள் நுழைய எழுதும் பொதுத் தேர்வும் ஆங்கிலத்தில்தான்! தமிழில் படித்த பிள்ளைக்குச் சட்ட அறிவு வருமா என்று சோதிப்பதற்கு முன்பே, அதற்கு ஆங்கிலப் பத்தியை விரைவாகப் படிக்கத் தெரியுமா என்று சோதித்து வெளியே அனுப்புகிறார்கள். படித்து முடித்தபின் வழக்கறிஞராவதற்கான அனைத்திந்தியத் தேர்வைத் தமிழில் எழுதலாம்; படிக்க நுழைவதற்கான தேர்வைத் தமிழில் எழுத முடியாது. வெளியேறும் வழியில் தமிழ் உண்டு, நுழையும் வழியில் இல்லை!

நாம் ஒருவாறு நுழைந்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டலாம் என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் கடனைத் தீர்க்கப் பெருங்குழுமங்களின் மாளிகைக்கன்றோ வேலைக்குப் போக வேண்டும்? மேலூர்க் கூலிப்பெண் தரும் கட்டணத்தில் அந்தத் தவணை அடையுமா? கல்விக் கட்டணம் என்பது நுழையும் நாளில் மட்டும் கேட்கப்படுவதன்று. யாருக்காக வாதாடப் போகிறாய் என்பதையும் அன்றே கேட்டுவிடுகிறது.

அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்புக்குத் தனியாக நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பில் பெற்ற மதிப்பெண்ணைக்கொண்டு, நம் நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின்படி, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இடம் வழங்குகிறது. கட்டணம் கூலிக்காரர் மகளும் கட்டக்கூடியது. நம் வகுப்பில் பக்கத்தில் அமரப்போகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். உசிலம்பட்டியிலிருந்து, பரமக்குடியிலிருந்து, சிவகங்கையிலிருந்து முதல் தலைமுறையாகப் புத்தகம் ஏந்தி வருபவர். வீட்டில் ஒரு தாவா நடந்து, அதில் தோற்று, அதனால் சட்டம் படிக்க வந்தவரும் இருப்பார். அந்த வகுப்பில் நமக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் ஒருவர் மட்டும் அல்லர்.

மதுரைதான் ஏன் என்பதற்கு இன்னொரு காரணம், ஊரே. சென்னைச் சட்டக் கல்லூரி தோன்றியது 1891இல். தென்னாட்டுப் பிள்ளை தன் பக்கத்தில் ஓர் அரசு சட்டக் கல்லூரியைக் காண 1974 வரை காத்திருந்தான். உயர்நீதிமன்றமோ இன்னும் காக்கவைத்தது. 2004 ஜூலை 24 வரை, குமரி முனையிலிருப்பவனும் மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கு இரவெல்லாம் பயணம் போனான். இன்று யானைமலை அடிவாரத்தில் உயர்நீதிமன்றக் கிளை நிற்கிறது. மேலூரிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்து அதன் வாயிலைக் கடந்துதான் போகிறது. நகருக்குள் மாவட்ட நீதிமன்றம்.

அங்கே தமிழ் ஒலிக்கிறது. யானைமலை அடிவாரத்திலோ ஆங்கிலம் மட்டுமே. அரசமைப்பின் 348ஆம் பிரிவு அப்படி. ஆனால் அதே பிரிவைக் கொண்டே ராஜஸ்தானில் 1950இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் உயர்நீதிமன்றத்தில் இந்திக்கு இடம் தந்தார்கள். தமிழுக்கு இடம் கேட்டு நம் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டது. கிடைத்த விடை, இல்லை! இந்திக்கு அகன்ற கதவு தமிழுக்கு ஏன் இறுகிற்று? இதனைக் கேட்பதற்கும் அந்தப் பிரிவைப் படித்தவர் வேண்டும். அதுவரை கீழே தமிழில் அழும் பெண்ணின் சொல்லை மேலே ஆங்கிலத்தில் சேதாரமின்றிக் கொண்டுசெல்பவரும் வேண்டும். இரண்டு மன்றங்களும் பேருந்து தூரத்தில் இருக்கும் ஊரில் அந்த வேலையைப் பழகாமல் வேறெங்கே பழகுவது?

எல்லாம் பொன்மயம் என்று நாம் எழுதவில்லை. அரசு சட்டக் கல்லூரி என்றதும் "அடிதடிக் கூட்டம்" என்று முகம் திருப்புவோர்க்கு விடை சொல்வது எளிதன்று. 2008 நவம்பரில் சென்னையில், அண்ணல் அம்பேத்கரின் பெயர் தாங்கிய கல்லூரியின் வாயிலில், சாதிப் பகை மூண்டு மாணவரை மாணவர் தடியால் அடித்து வீழ்த்தினர். காவல்துறை பார்த்துக்கொண்டு நின்றது. நாடே அக்காட்சியைக் கண்டது. அரசமைப்பைத் தீட்டியவரின் பெயரை ஏற்பதிலேயே சிலருக்குக் கசப்பு! அந்தக் கறையை நாம் மறைக்கவில்லை. ஆனால் சாதி சட்டக் கல்லூரியில் முளைத்ததா? நம் பள்ளியில், எட்டாம் வகுப்பில், கைக்கயிற்றின் நிறத்தைக் கொண்டு யாரோடு அமர்வதென்று முடிவுசெய்யும் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைதான் பத்தாண்டு கழித்து அங்கே போகிறான். அவன் போகிறான் என்பதற்காக நாம் போகாமலிருந்தால் அந்த இடம் அவனுக்கே ஆகிவிடும். அச்சம் இல்லையா என்றால், இருக்கிறது. இரவில் நூலகத்திலிருந்து திரும்புவது எப்படி என்ற கணக்கும் போட்டுவிட்டோம். கடைசிப் பேருந்தின் நேரம் தெரியும்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுவோம். திங்கள் பன்னிரண்டாயிரம் சம்பளம் நின்றுபோகும். தம்பி ஒருவன் படிக்கிறான். மூன்றாண்டுக்கு மாலையில் தனிப்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஈடுகட்டலாமென்று அம்மா சொன்னார். மாமனுக்கு எதிரில் சொன்னார் என்பது குறிப்பிடத்தக்கது. பட்டம் பெற்ற மறுநாளே வழக்குகள் வந்து குவியும் என்ற கனவும் நமக்கு இல்லை. மூத்த வழக்கறிஞர் ஒருவரின் கட்டுகளைச் சுமந்துகொண்டு வாய்தாவுக்கு வாய்தா நிற்க வேண்டிவரும்.

அந்தத் தாயோடு ஒருமுறை தொலைபேசியில் பேசினோம். பனியன் நிறுவனமொன்றில் பிசிறு வெட்டுகிறாள். மகளை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டாளாம், ஓராண்டு பிந்திவிட்டது. நடந்ததை, அந்த முப்பது நாளை, 60ஆம் பிரிவை, இலவச வழக்கறிஞரை, எல்லாவற்றையும் சொன்னோம். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இன்னும் தெரியவில்லை. சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அது ஒங்களுக்கும் தெரியாதுல்ல டீச்சரம்மா" என்றாள்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டோம். மதிப்பெண் அறுபத்தொரு விழுக்காடு. இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இவ்வாண்டு தவறினால் அடுத்த ஆண்டும் அதே கல்லூரியின் பெயரையே முதலில் எழுதுவோம். பணிவிலகல் கடிதத்தை எழுதி, எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்துள் வைத்திருக்கிறோம். கையொப்பம் இட்டாயிற்று. தேதி மட்டும் இன்னும் போடவில்லை.